அமைச்சராக இல்லாத எம்.பி. சட்டம் கொண்டுவர முடியுமா? தனிநபர் மசோதா பற்றி விரிவாக

கேள்வி இதுதான்: அரசாங்கத்தில் இடம்பெறாத ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தானாகவே ஒரு புதுச் சட்டத்தை முன்மொழிய முடியுமா? முடியும் என்றால் வழி என்ன? அப்படி முன்மொழிந்து எதுவாவது சட்டமாகியிருக்கிறதா, இல்லை எல்லாம் பெயருக்குத்தானா?

முடியும். அமைச்சர் பதவியில் இல்லாத எந்த உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம். பத்திரிகைகள் இதைத் தனிநபர் மசோதா என்று எழுதுகின்றன. 1952-லிருந்து இந்த வழியில் வந்து, இரு அவைகளிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றுச் சட்டமானவை மொத்தம் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இதைக் கேட்டவுடன் 'அப்போ வீண்வேலைதானே' என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டம் இயற்றும் கருவியாக மட்டும் பார்த்தால் தனிநபர் மசோதா படுதோல்விதான். ஆனால் அரசாங்கம் பேச விரும்பாத ஒன்றைப் பற்றி, அவைக்குறிப்பில் ஏறும்படி, ஓர் அமைச்சரைப் பதில் சொல்ல வைக்க இதைவிட நல்ல கருவி குறைவு. அதன் உண்மையான பலம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். முதலில் நடைமுறை.

எதிர்க்கட்சிக்காரர்கள் கொண்டுவருவதுதான் தனிநபர் மசோதா என்று பலர் நினைக்கிறார்கள். ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர், கூட்டணிக் கட்சிக்காரர், சுயேச்சை, மாநிலங்களவையின் நியமன உறுப்பினர் என்று யாரும் கொண்டுவரலாம். அமைச்சர் மட்டும் கூடாது. அவர் கொண்டுவந்தால் அது அரசு மசோதா. சொல்லப்போனால் சட்டமான அந்த 14-ல் பெரும்பாலானவை, காங்கிரஸ் ஆண்ட காலத்தில் காங்கிரஸ் எம்.பி.க்களே கொண்டுவந்தவை.

மசோதாவை எழுதுவது உறுப்பினரின் பொறுப்பு. அரசு மசோதா என்றால் துறை அதிகாரிகள், சட்ட அமைச்சகத்தின் வரைவாளர்கள், அமைச்சரவை ஒப்புதல் என்று ஒரு பெரிய படையே பின்னால் நிற்கும். தனி உறுப்பினருக்கு அப்படி யாரும் இல்லை. தெரிந்த வழக்கறிஞர்கள், அந்தத் துறையில் போராடும் இயக்கங்கள், ஒரு வருடம் எம்.பி.யிடம் உதவியாளராக வேலை செய்ய வரும் இளைஞர்கள் ஆகியோர்தான் துணை. நாடாளுமன்றச் செயலகம் வடிவத்தைச் சரிபார்த்துக் கொடுக்கும். உள்ளடக்கத்தை யோசித்துத் தராது. அரசமைப்பின் 348-வது பிரிவுப்படி மசோதாவின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு எம்.பி. அவையில் தமிழில் பேசலாம், ஆனால் அவருடைய மசோதா ஆங்கிலத்தில்தான் போகும்.

மசோதாவோடு நோக்கங்களும் காரணங்களும் சொல்லும் ஓர் அறிக்கையும் வேண்டும். ஏன் இந்தச் சட்டம் தேவை என்று ஒன்றிரண்டு பக்கத்தில். என் அனுபவத்தில், மசோதா தேறுமா தேறாதா என்பதை இந்த ஒரு பக்கத்தைப் படித்தாலே ஓரளவு சொல்லிவிடலாம். பிரச்சினையைத் தெளிவாகச் சொல்லத் தெரியாதவருக்குப் பிரிவுகளையும் எழுத வராது. அரசின் வருமானமெல்லாம் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து செலவு பிடிக்கும் என்றால் எவ்வளவு ஆகும் என்ற நிதிக் குறிப்பு ஒன்றும் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் இணைத்து, ஒரு மாதம் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சபாநாயகர் நினைத்தால் இந்தக் கால அளவைக் குறைக்கலாம்.

இங்கே ஒரு பூட்டு இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. வரி விதிப்பது, கடன் வாங்குவது போன்ற விஷயங்களைத் தொடும் மசோதாவை அறிமுகப்படுத்தவே குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும். தொகுப்பு நிதியிலிருந்து செலவு வரும் மசோதாவை அறிமுகப்படுத்தலாம். ஆனால் பரிந்துரை இல்லாமல் நிறைவேற்ற முடியாது. 117-வது பிரிவு இதைச் சொல்கிறது. குடியரசுத் தலைவர் யார் ஆலோசனைப்படி நடப்பார்? அமைச்சரவையின் ஆலோசனைப்படி. ஆக, காசு செலவாகும் எந்தத் தனிநபர் மசோதாவுக்கும் சாவி அரசாங்கத்தின் கையில். புதிய ஆணையம் அமை, புதிய உதவித்தொகை கொடு என்று எழுதும்போதே எம்.பி.க்கு இது தெரிந்திருக்க வேண்டும். மாநிலங்களின் எல்லையையோ பெயரையோ மாற்றும் மசோதாவுக்கும் 3-வது பிரிவின்படி இதே பரிந்துரை தேவை.

மக்களவையில் இதற்கென்றே 15 பேர் கொண்ட ஒரு குழு உண்டு: தனிநபர் மசோதாக்கள், தீர்மானங்கள் குழு. துணை சபாநாயகர் அதில் உறுப்பினராக இருந்தால் அவரே தலைவர். 2014-லிருந்து 2019 வரை துணை சபாநாயகராக இருந்த மு. தம்பிதுரை அப்படித்தான் இந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அடுத்து வந்த 17-வது மக்களவை ஐந்து ஆண்டும் துணை சபாநாயகரே இல்லாமல் ஓடி முடிந்தது என்பது வேறு கதை. அரசமைப்பைத் திருத்தும் தனிநபர் மசோதாவை இந்தக் குழு அறிமுகத்துக்கு முன்பே பார்த்துவிடும். மற்றவற்றை அறிமுகமான பிறகு அவசரம், முக்கியத்துவம் பார்த்து இரண்டு வகையாகப் பிரிக்கும்; எதற்கு எவ்வளவு நேரம் என்றும் பரிந்துரைக்கும். மாநிலங்களவையில் இப்படி ஒரு குழு கிடையாது.

அப்புறம் வெள்ளிக்கிழமை. இரண்டு அவைகளிலும் வெள்ளிக்கிழமை இரண்டரை மணி நேரம் தனி உறுப்பினர்களுக்கு. மக்களவையில் வழக்கமாக மூன்றரையிலிருந்து ஆறு, மாநிலங்களவையில் இரண்டரையிலிருந்து ஐந்து. அதிலும் ஒரு வாரம் மசோதாக்கள், அடுத்த வாரம் தீர்மானங்கள். ஒரு கூட்டத்தொடரில் நாலைந்து வெள்ளிக்கிழமைதான் வரும், அதில் பாதிதான் மசோதாவுக்கு. அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் அதுவும் போச்சு.

அறிமுகம் நொடியில் முடியும். பெயர் அழைக்கப்படும், உறுப்பினர் எழுந்து அனுமதி கேட்பார், அவை 'ஆம்' சொல்லும், மசோதா அறிமுகமாகும். அரை மணிக்குள் வரிசையாகப் பல மசோதாக்கள் இப்படி அறிமுகமாவதைப் பார்க்கலாம். அறிமுகத்தை எதிர்ப்பதில்லை என்பது மரபு. பிடிக்காவிட்டால் விவாதத்தில் எதிர்த்துக்கொள்ளலாம், வாசலிலேயே மறிக்க வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

மரபு மீறப்பட்ட நாட்களும் உண்டு. 2015 டிசம்பர் 18 அன்று, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவைத் திருத்த சசி தரூர் ஒரு மசோதாவை அறிமுகப்படுத்த எழுந்தார். எதிர்ப்பு வந்தது, வாக்கெடுப்பு நடந்தது, 24-க்கு 71 என்ற கணக்கில் தோற்றது. அதாவது விவாதத்துக்கு அல்ல, மேசையில் வைக்கவே அனுமதி கிடைக்கவில்லை. ஒரே கூட்டத்தொடரில் அதையே திரும்பக் கொண்டுவர முடியாது என்பதால் அடுத்த தொடரில், 2016 மார்ச்சில், மீண்டும் முயன்றார். 14-க்கு 58. மறுபடி தோல்வி. இரண்டு வாக்கெடுப்பிலும் கலந்துகொண்டவர்கள் எண்ணிக்கையைப் பாருங்கள்: 543 பேர் அவையில் நூறு பேர்கூட இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று அந்தப் பிரிவின் பல்லை உச்ச நீதிமன்றம்தான் பிடுங்கியது.

எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. 2022 டிசம்பர் 9 அன்று மாநிலங்களவையில் பாஜக உறுப்பினர் கிரோடி லால் மீனா பொது சிவில் சட்டம் பற்றிய மசோதாவை அறிமுகப்படுத்த எழுந்தபோது எதிர்க்கட்சிகள் வாக்கெடுப்புக் கேட்டன. 63 பேர் ஆதரவு, 23 பேர் எதிர்ப்பு, அறிமுகமானது. எதிர்க்கட்சி இருக்கைகள் பல அன்று காலியாக இருந்தன. எனக்கு இரண்டு எதிர்ப்புமே சரியாகப் படவில்லை. யார் கொண்டுவந்தாலும், எவ்வளவு பிடிக்காததாக இருந்தாலும், அறிமுகத்தை விட்டுவிடுவது நல்ல மரபு.

அறிமுகமான மசோதாக்களில் எது விவாதத்துக்கு வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். மக்களவையில் முதல் வகை மசோதாக்களுக்கு முன்னுரிமை. மாநிலங்களவையில் உறுப்பினர்கள் பெயரைக் குலுக்கிப் போடுவார்கள். அதிர்ஷ்டம் அடிக்காதவரின் மசோதா பட்டியலிலேயே கிடந்து அழியும். மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் உள்ளவை எல்லாம் காலாவதி. மாநிலங்களவை கலைவதில்லை, ஆனால் மசோதாவைக் கொண்டுவந்தவர் ஓய்வு பெற்றாலோ அமைச்சரானாலோ அவருடைய மசோதாவும் அவரோடு போய்விடும். எண்ணிக்கை சொன்னால் நிலைமை புரியும். 16-வது மக்களவையில் அறிமுகமான தனிநபர் மசோதாக்கள் 1,114, விவாதிக்கப்பட்டவை 10. அடுத்து வந்த 17-வது மக்களவையில் 729 அறிமுகமாகி, விவாதத்துக்கு வந்தவை இரண்டே இரண்டு.

இதனால் ஒரு கெட்ட பழக்கமும் வந்திருக்கிறது. விவாதம் வரப்போவதில்லை என்று தெரிந்தே, செய்தியில் பெயர் வரட்டும் என்று மசோதா போடுகிறவர்கள் உண்டு. 'இன்னார் நாடாளுமன்றத்தில் மசோதா தாக்கல்' என்று தலைப்பு வந்துவிடும். தொகுதியில் சுவரொட்டியும் ஒட்டிவிடலாம். படிக்கிறவருக்குச் சட்டமே வந்துவிட்டது போல இருக்கும். வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொலைபேசியை எடுக்காமலிருக்கும் உரிமை பற்றி சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் அறிமுகப்படுத்திய மசோதா நினைவிருக்கிறதா? அது வெறும் செய்திக்காகப் போட்டது என்று சொல்ல மாட்டேன், நல்ல மசோதா. ஆனால் அறிமுகமானதையே சட்டமானதாக நினைத்து நண்பர்களுக்கு அனுப்பியவர்கள் ஏராளம்.

சரி, குலுக்கலில் பெயர் வந்துவிட்டது, விவாதம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை பிற்பகல். பாதிப் பேர் விமானம் பிடித்துத் தொகுதிக்குப் போயிருப்பார்கள். கோரம் என்று ஒரு கணக்கு உண்டு: மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒருவராவது இருக்க வேண்டும். மக்களவையில் 55 பேர், மாநிலங்களவையில் 25. யாராவது எழுந்து கோரம் இல்லை என்று சொன்னால் மணி அடிக்கும், ஆள் வராவிட்டால் அவை முடிந்தது. அரசமைப்புத் திருத்தம் என்றால் கேட்கவே வேண்டாம். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும், வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவ்வளவு பேரை எங்கே தேடுவது?

இவ்வளவையும் தாண்டி விவாதம் நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பேச்சுகள் பெரும்பாலும் நன்றாக இருக்கும். கட்சிக் கோடு தளர்ந்திருக்கும், ஆளுங்கட்சி உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரரின் மசோதாவைப் பாராட்டிப் பேசுவார், தொலைக்காட்சிக்குக் கத்த வேண்டிய அவசியம் இருக்காது. கடைசியில் துறை அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். அந்தப் பதிலுக்கு ஓர் அச்சு உண்டு: உறுப்பினரின் அக்கறை பாராட்டுக்குரியது, அரசு ஏற்கெனவே இதைப் பரிசீலித்து வருகிறது, ஆகவே மாண்புமிகு உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும். உறுப்பினரும் நன்றி சொல்லி, அவையின் அனுமதியோடு திரும்பப் பெற்றுக்கொள்வார். விவாதிக்கப்பட்ட தனிநபர் மசோதாக்களில் பெரும்பாலானவற்றின் முடிவு இதுதான்.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். தனி உறுப்பினரின் பலமெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. திரும்பப் பெறுங்கள் என்று அமைச்சர் கேட்கும்போது அவர் உண்மையில் ஒரு சங்கடத்தைத் தவிர்க்கப் பார்க்கிறார். வாக்கெடுப்பு நடந்தால் ஒரு நல்ல விஷயத்துக்கு எதிராக அரசு வாக்களித்ததாகப் பதிவாகும். இல்லாவிட்டால், ஆள் குறைவாக இருக்கும் நாளில் அரசு தோற்றே போகலாம். அந்தச் சங்கடத்துக்கு ஒரு விலை உண்டு. அதை உறுப்பினர் கேட்டு வாங்கலாம்: இத்தனை மாதத்துக்குள் அரசே மசோதா கொண்டுவரும் என்று அவையில் சொல்லுங்கள், அப்போது திரும்பப் பெறுகிறேன் என்று. அமைச்சர் அவையில் கொடுக்கும் வாக்குறுதி காற்றில் போவதில்லை. அதைப் பின்தொடரவே அரசு வாக்குறுதிகள் குழு என்று இரு அவைகளிலும் ஒரு குழு இருக்கிறது. எதுவும் வாங்காமல் திரும்பப் பெறுகிறவர் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறார், அவ்வளவே.

திரும்பப் பெற மறுத்த ஒருவரின் கதை நமக்கு நெருக்கமானது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்து, அவர்களுக்கு இடஒதுக்கீடு உட்பட உரிமைகள் தரச் சொன்னது. சட்டம் எதுவும் வரவில்லை. அந்த டிசம்பரில் மாநிலங்களவையில் திமுக உறுப்பினர் திருச்சி சிவா, திருநர் உரிமைகள் மசோதாவை அறிமுகப்படுத்தினார். தேசிய ஆணையம், மாநில ஆணையங்கள், தனி நீதிமன்றங்கள், கல்வியிலும் வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு எல்லாம் அதில் இருந்தன. அரவாணிகள் நல வாரியத்தை 2008-லேயே அமைத்த மாநிலத்திலிருந்து இப்படியொரு மசோதா போனது தற்செயல் இல்லை.

2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. விவாதம் முடிந்தது. அரசுத் தரப்பு வழக்கம்போல மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னது. சிவா மறுத்துவிட்டார். மாநிலங்களவையில் அன்று ஆளுங்கூட்டணிக்குப் பெரும்பான்மை கிடையாது. திருநர்களின் உரிமைக்கு எதிராகக் கை தூக்க யாருக்கும் மனம் வராது. முடிவில் குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக நிறைவேறியது. பல பத்தாண்டுகளாக அந்த அவை பார்க்காத காட்சி.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு மக்களவையில் அதைப் பிஜு ஜனதா தளத்தின் பைஜெயந்த் பாண்டா எடுத்துச் சென்றார். அங்கே அது நிறைவேறவில்லை. அரசு 2016 ஆகஸ்டில் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. அதில் இடஒதுக்கீடு இல்லை, ஆணையங்களும் தனி நீதிமன்றங்களும் போய்விட்டன, திருநர் யார் என்பதற்குக் கொடுத்த விளக்கமே அந்தச் சமூகத்தைக் கொதிக்க வைத்தது. அதை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு குறை சொன்னது, திருத்தங்கள் வந்தன, மக்களவை கலைந்து காலாவதியானது, மறுபடி வந்து 2019 நவம்பரில் மாநிலங்களவையில் நிறைவேறி, டிசம்பரில் சட்டமானது. மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற ஏற்பாடும், திருநர்கள் மீதான பாலியல் வன்முறைக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு தண்டனை என்பதும் அதில் நின்றன. சிவாவின் மசோதாவோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் வயிறு எரியும். ஆனால் அந்த 2015 வெள்ளிக்கிழமை இல்லாவிட்டால் இந்தச் சட்டமாவது வந்திருக்குமா என்பது சந்தேகமே. திரும்பப் பெற மறுப்பதால் கிடைப்பதும் தெரிகிறது, அரசு தன் கையில் எடுத்துக்கொண்டால் போவதும் தெரிகிறது.

இனி அந்த 14. முதலாவது, சையது முகமது அகமது காஸ்மி 1952-ல் கொண்டுவந்து 1954-ல் சட்டமான முஸ்லிம் வக்பு சட்டம். 1956-ல் மட்டும் ஆறு ஒப்புதல் பெற்றன. அந்த ஆண்டை தனி உறுப்பினர்களின் பொற்காலம் எனலாம். எனக்கு மிகவும் பிடித்தது அதே ஆண்டில் பெரோஸ் காந்தி கொண்டுவந்த சட்டம். நாடாளுமன்றத்தில் உறுப்பினர் எதைப் பேசினாலும் அவர் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் அந்தப் பேச்சை அப்படியே அச்சிட்ட பத்திரிகை மீது போடலாம் என்ற நிலை இருந்தது. பெரோஸ் காந்தி பெரிய தொழிலதிபர்களின் முறைகேடுகளை அவையில் புட்டுப் புட்டு வைத்தவர். அவர் பேச்சை அச்சிட்டால் ஆபத்து என்றால் பேசி என்ன பயன்? நடவடிக்கைகளை உள்ளது உள்ளபடி, கெட்ட எண்ணமில்லாமல் வெளியிடும் பத்திரிகைக்கு அவருடைய சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. அவர் 1960-ல் இறந்தார். நெருக்கடி நிலையின்போது அந்தச் சட்டத்தை ரத்து செய்தது அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசாங்கம். 1977-ல் ஜனதா அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு 44-வது திருத்தம் அதை அரசமைப்பிலேயே ஏற்றிவிட்டது. ஒரு தனி உறுப்பினரின் யோசனை போன தூரத்துக்கு இது நல்ல உதாரணம்.

திவான் சமன்லால் கொண்டுவந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ஆபாசம் பற்றிய 292-வது பிரிவில் திருத்தம். கலை, இலக்கியம், அறிவியலுக்காக வெளியிடப்படுவதற்கு அதில் விலக்குக் கிடைத்தது, 1969-ல் சட்டமானது. கடைசி மசோதாவைக் கொண்டுவந்தவர் ஆனந்த் நாராயண் முல்லா. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், உருதுக் கவிஞர், லக்னோவில் சுயேச்சையாக நின்று ஜெயித்தவர். கீழ் நீதிமன்றம் விடுவித்த ஒருவருக்கு உயர் நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தால் உச்ச நீதிமன்றத்துக்குப் போக உரிமை உண்டு. ஆயுள் தண்டனை கொடுத்தால் அந்த உரிமை அப்போது இல்லை. நீதிபதியாக இருந்தவருக்கு இந்த இடைவெளி கண்ணில் படாமல் இருக்குமா? ஆயுள் தண்டனைக்கும் பத்தாண்டுக்குக் குறையாத தண்டனைக்கும் அந்த உரிமையை நீட்டித்தது அவருடைய 1970-ம் ஆண்டுச் சட்டம். இன்று சிறையிலிருந்து அப்படி மேல்முறையீடு செய்கிறவருக்கு முல்லா யார் என்று தெரிந்திருக்காது.

அந்த 14-ல் ஒன்று, எம்.பி.க்களின் சம்பளம், படிகள் பற்றிய 1964-ம் ஆண்டுத் திருத்தம். அதற்கு எப்படி இரு அவைகளிலும் ஆதரவு கிடைத்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1970-க்குப் பிறகு ஏன் நின்றது? என் கணிப்பு இது. நேரு காலத்தில் தனி உறுப்பினர் மசோதா ஜெயித்தால் அரசு தோற்றது என்று யாரும் எண்ணவில்லை. பெரும்பாலும் சொந்தக் கட்சிக்காரரின் மசோதாதான், விஷயமும் கட்சிச் சண்டைக்கு அப்பாற்பட்டது. பிறகு எல்லாமே கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. நல்ல யோசனை என்றால் நாமே கொண்டுவருவோம், பெயர் இன்னொருவருக்கு ஏன் போக வேண்டும் என்ற எண்ணம். 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்லும் கொறடாவின் ஆணை என்றாலே, மீறினால் பதவி போகும் என்று உறுப்பினர்களுக்குப் பயம். தனிநபர் மசோதாவுக்கு வழக்கமாகக் கொறடா ஆணை வருவதில்லை. ஆனால் தலைமைக்குப் பிடிக்காததற்குக் கை தூக்கும் பழக்கமே போய்விட்டது. கட்சித் தாவல் தடையை நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி ஒரு தனிநபர் மசோதாவே போட்டுப் பார்த்தார். அதுவும் நகரவில்லை.

தோற்ற மசோதா வீண் என்று நினைக்கிறவர்களுக்கு நம் மாநிலத்தின் பெயரையே உதாரணமாகச் சொல்வேன். தமிழ்நாடு என்ற பெயர் கேட்டு சங்கரலிங்கனார் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டது 1956-ல். 1961-ல் மாநிலங்களவையில் சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க மசோதா கொண்டுவந்தவர் தமிழர் இல்லை. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா. 1963-ல் அதை ஆதரித்து அண்ணா பேசிய பேச்சு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பெயரை மாற்றி என்ன லாபம் என்று கேட்டார்கள்; பார்லிமென்டை லோக்சபா என்று மாற்றியதில் உங்களுக்கு என்ன லாபமோ அதுதான் என்ற பொருளில் திருப்பிக் கேட்டார். மசோதா தோற்றது. நாலே ஆண்டில் அண்ணா முதலமைச்சர். 1967 ஜூலை 18-ல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது, 1968-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது, 1969 ஜனவரி 14 பொங்கலன்று பெயர் நடைமுறைக்கு வந்தது.

மசோதா இல்லாமல் தனிநபர் தீர்மானம் என்ற இன்னொரு வழியும் இருக்கிறது. சட்ட வாசகம் எழுத வேண்டாம், அவையின் கருத்தை மட்டும் கேட்கலாம். கட்சித் தாவலைப் பற்றி ஆராய ஒய்.பி. சவாண் தலைமையில் குழு அமைந்ததற்குக் காரணம் 1967-ல் மக்களவையில் பி. வெங்கடசுப்பையா கொண்டுவந்த தனிநபர் தீர்மானம். மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று 1958-ல் மாநிலங்களவையில் தீர்மானம் கொண்டுவந்தவர் நடிகர் பிருத்விராஜ் கபூர்; நியமன உறுப்பினராக இருந்தார். விவாதத்துக்குப் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பிரிட்டனிலும் வெள்ளிக்கிழமைதான், அங்கும் குலுக்கல்தான். பெயர் வந்த 20 பேருக்கு முன்னுரிமை. வேண்டுமென்றே நேரத்தைப் பேசிப் பேசிக் கடத்தி மசோதாவைச் சாகடிக்கும் கலையில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனாலும் அங்கே கொலைக்குற்றத்துக்கு மரண தண்டனையை நீக்கிய 1965-ம் ஆண்டுச் சட்டமும், கருக்கலைப்பை அனுமதித்த 1967-ம் ஆண்டுச் சட்டமும் தனி உறுப்பினர்கள் கொண்டுவந்தவை. முதலாவது சிட்னி சில்வர்மன், இரண்டாவது டேவிட் ஸ்டீல். மனசாட்சி சம்பந்தப்பட்ட விஷயம் என்று அன்றைய அரசு ஒதுங்கி நின்றது; அதோடு அவையில் கூடுதல் நேரமும் ஒதுக்கிக் கொடுத்தது. விதிகளில் பெரிய வேறுபாடு இல்லை. அரசு நேரம் கொடுக்க மனம் வைத்ததுதான் வேறுபாடு.

கடைசியாக, உங்களுக்கே ஒரு சட்ட யோசனை இருந்து, அதை எம்.பி. ஒருவரிடம் கொண்டுபோக நினைத்தால் சில விஷயங்கள். தொகுதி எம்.பி.யிடம்தான் போக வேண்டும் என்றில்லை; அந்த விஷயத்தில் ஏற்கெனவே கேள்வி கேட்டவர் யார் என்று நாடாளுமன்ற இணையதளத்தில் தேடுங்கள். முடிந்தால் மாநிலங்களவை உறுப்பினராகப் பாருங்கள், அதிலும் பதவிக்காலம் நாலைந்து ஆண்டு மீதியுள்ளவராக. மசோதா சீக்கிரம் காலாவதியாகாது. பெரிய புதுச் சட்டமாக எழுதாமல், இருக்கிற சட்டத்தில் ஒன்றிரண்டு பிரிவைத் திருத்துவதாக எழுதுங்கள். செலவு வைக்காதீர்கள். அரசமைப்பைத் தொடாதீர்கள். மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம் என்றால் டெல்லிக்கே போக வேண்டாம், சட்டமன்றத்திலும் இதேபோல் தனி உறுப்பினர் சட்டமுன்வடிவு கொண்டுவர வழி உண்டு. இவ்வளவும் செய்து விவாதம் வரை போய்விட்டால், அமைச்சர் திரும்பப் பெறச் சொல்லும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை எம்.பி.யோடு முன்கூட்டியே பேசி, ஒரே ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.